ஏழு மணிக் கேள்விகள்

அலுவலகத்தில் அவனுக்குத் 'தராசு' என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது. ஒரு கட்டுக் கேள்விகளைச் சாயங்காலம் அவன் கையில் கொடுத்தால், மறுநாள் காலையில் "இது நாலாம் படி, இது ஒன்பதாம் படி, இது ஒருத்தருக்கும் தெரியாது, கடைசியில போடுங்க" என்று பிரித்து வைத்துவிடுவான். சரிதானா என்று பார்க்க வெளியாட்கள் ஐம்பது பேரை உட்காரவைத்துக் கேட்டுப் பார்த்தார்கள். அவன் சொன்னது சொன்னபடியே இருந்தது. கேள்வி அறையின் தலைவி யாரையும் லேசில் மெச்சுகிறவள் அல்ல. அவளே, "உங்க மண்டைக்குள்ள அப்படி என்னதான் வச்சிருக்கீங்க?" என்று வாய்விட்டுக் கேட்டாள். மண்டைக்குள் ஒன்றுமில்லை. ஒரு தொலைபேசி எண் இருந்தது.

அது அவனுடைய அண்ணியின் எண்.

தொலைக்காட்சியில் புதிதாக ஒரு பொது அறிவுப் போட்டி வரப்போகிறது. முதல் நிகழ்ச்சி பதிவாவதற்கு முன்பே மூவாயிரம் கேள்விகள் தயாராக இருக்க வேண்டும். சுலபத்திலிருந்து கஷ்டத்துக்குப் பன்னிரண்டு படிகள். கேள்வி எழுதுவது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை; நாலு புத்தகத்தைப் புரட்டினால் நாற்பது கேள்வி வந்துவிடும். எந்தக் கேள்வி எந்தப் படி என்பதில்தான் எல்லாரும் சறுக்குவார்கள். எழுதியவனுக்குப் பதில் தெரியும், பதில் தெரிந்தவனுக்கு எல்லாமே சுலபம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவனும் சறுக்கினான். முன்பு பள்ளிப் பாடநூல்களுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தவன் அவன். தலைவி கட்டைத் திருப்பித் தள்ளி, "எங்க வீட்டு எட்டு வயசுக் குழந்தை சொல்லுமே இதை, பத்தாம் படியில போட்டிருக்கீங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் ஏதோ ஒரு சான்றிதழ் வீட்டில் இருக்கிறதா என்று கேட்க அண்ணன் வீட்டுக்கு அடித்தான். அண்ணன் இல்லை. அண்ணி எடுத்தாள். அவன் அவளோடு பேசி ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முந்தின பத்து வருடத்திலும் அவனாகக் கூப்பிட்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பேச்சு வளரவில்லை. என்ன பேசுவது என்று தெரியாமல், மேசைமேல் கிடந்த தாளைப் பார்த்து, "அண்ணி, உலகத்துலயே பெரிய பாலைவனம் எது?" என்றான்.

மறுமுனையில் பாத்திரச் சத்தம் நின்றது. "எல்லாரும் சஹாராம்பாங்க. ஆனா மழையே இல்லாத இடம்தான பாலைவனம்? அப்போ குளிர் பாலைவனத்தையும் சேக்கணும். அண்டார்டிகா." அண்ணியின் குரலில் அப்படி ஒரு சிரிப்பு. "என்னடா தம்பி, பழைய விளையாட்டு ஞாபகம் வந்துடுச்சா?"

பழைய விளையாட்டு என்றால், அவள் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது ஆரம்பித்தது. அவனுக்கு அப்போது பதினோரு வயது. பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் கேள்வி கேட்பாள், அவன் துடைத்துக்கொண்டே பதில் சொல்வான். அம்மா படுத்த படுக்கையான வருடம் அண்ணி தன் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டாள். யாராவது ஒருத்தர் வீட்டில் இருந்தாக வேண்டும் என்றார்கள், அந்த யாரோ அவள்தான் என்று பேசாமலே முடிவாகிவிட்டது. அவன் படிப்பை யாரும் விடச் சொல்லவில்லை. இப்போது அவள் பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஆறுவரை ஊர் உலகமே அவளைக் கேள்வி கேட்கும். எல்லாம் ஒரே கேள்விதான், அடுத்த வண்டி எப்போது.

பாலைவனத்துக்கு அவள் எடுத்துக்கொண்டது இரண்டு விநாடி. தாளின் ஓரத்தில் பென்சிலால் 'ஐந்து' என்று போட்டான். மறுநாள் தலைவி தலையை ஆட்டினாள். பிறகென்ன, பசு பால் கறக்கிறது என்று தெரிந்தபின் யார் சும்மா இருப்பார்கள்? தினமும் ஏழு மணிக்குக் கூப்பிட ஆரம்பித்தான்.

முறை சுலபம். அவன் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தால் மூன்றாம் படிக்குள். "இரு" என்று சொல்லிவிட்டுச் சொன்னால் நடுவில். வேறு ஏதாவது பேசிக்கொண்டே போய்த் திடீரென்று சொன்னால் எட்டு, ஒன்பது. "தெரியலையே, நீயே சொல்லிடு" என்றால் பதினொன்றோ பன்னிரண்டோ. அப்போது அவனே பதிலைச் சொல்லிவிடுவான். ஒரு முறை கேட்டதை அண்ணி மறந்ததாகச் சரித்திரம் இல்லை.

வேலைக்குச் சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள், கேள்விகளைப் பற்றி வெளியில் மூச்சு விடக்கூடாது, கேள்வி எழுதுகிறவன் என்றே வீட்டில்கூடச் சொல்லக்கூடாது என்று. அதனால் அண்ணியிடம் தொலைக்காட்சியில் 'அட்டவணை போடற வேலை' என்று சொல்லிவைத்திருந்தான். அண்ணி வெளியாளா என்ன என்று தனக்குத் தானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டான். நமக்கு வசதியான நியாயத்துக்குப் பஞ்சமே கிடையாது. எட்டு மாதத்தில் மூவாயிரம் கேள்வியில் பெரும்பாலானவை அண்ணியின் காதைத் தாண்டிவிட்டன.

பதிவுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, மத்தியான வேளையில் அண்ணியே கூப்பிட்டாள். வேலை நேரத்தில் அவள் கூப்பிட்டதே இல்லை. யாருக்கோ என்னவோ என்று பதறிப்போய் எடுத்தான்.

"தம்பி, உங்க டிவிக்காரங்க புதுசா ஒரு போட்டி நடத்தறாங்கல்ல, அதுல என்னைத் தேர்ந்தெடுத்துட்டாங்கடா! போன்ல இருபது கேள்வி கேட்டாங்க. இருபதும் சரி!"

அந்த இருபதும் போட்டிக்கு ஆள் பொறுக்கும் தேர்வு மேசைக்காரர்கள் தனியாக எழுதியவை. அவற்றில் ஒன்றைக்கூட அவன் பார்த்ததில்லை.

"நீங்க... எங்கிட்ட சொல்லவே இல்லையே அண்ணி."

"அதான் சொல்லல. நாளைக்கு உன்னாலதான் கிடைச்சதுன்னு ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது பாரு. விதியெல்லாம் ரெண்டு தடவ படிச்சேன். அங்க வேலை பாக்கறவங்களோட அப்பா அம்மா, கூடப் பொறந்தவங்க, புருஷன் பொண்டாட்டி, பிள்ளைங்க வரக்கூடாது. அண்ணின்னு ஒரு வார்த்தை அதுல இல்ல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எல்லாம் நீ குடுத்த தைரியம்டா. தினமும் நீ கேக்கக் கேக்கத்தான், அட, நமக்கும் நாலு விஷயம் தெரியுதேன்னு தோணுச்சு. இல்லன்னா இந்த ஜன்னலோட போயிருக்கும் எனக்கு. ஆனா ஒண்ணு, பதிவு முடியற வரைக்கும் நீ கூப்பிடாதே. தப்பித் தவறி உன் வாயிலேர்ந்து ஏதாவது வந்துட்டா, அப்புறம் ஜெயிச்சும் எனக்கு ஜெயிச்ச மாதிரி இருக்காது."

அவன் "சரி அண்ணி" என்றான். திருடனுக்குத் தேள் கொட்டியது போல என்பார்களே, அந்த நிலைமை. கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது.

விஷயம் இதுதான். அண்ணி அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், விளக்கு வெளிச்சத்தில், நூறு பேருக்கு முன்னால், முதல் கேள்வியே அவன் ஏழு மணிக்குக் கேட்டதாக இருக்கும். இரண்டாவதும் அப்படியே. தெரியாதது போல் நடிக்க அவளுக்கு வராது. எழுந்து நின்று, "இதை எனக்கு ஏற்கெனவே சொல்லிட்டாங்க" என்று சொல்லக்கூடியவள். அப்புறம் அவன் வேலை போகும், மூவாயிரம் கேள்வியும் குப்பைக்குப் போகும். சொல்லாமல் ஜெயித்தாலோ, அந்த வெற்றி அவளையே அரிக்கும். தன் அறிவால் நேர்மையாக ஜெயிக்கக்கூடிய ஒரே ஆளை அவனே கெடுத்து வைத்திருந்தான்.

அவளிடம் உண்மையைச் சொல்லி, விலகிவிடச் சொல்லலாம் என்று ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனான். மூன்றாவது மாடி, இரண்டு அறை, குழாயடியில் எப்போதும் ஒரு வாளி. அண்ணன் கதவைத் திறந்ததுமே, "வாடா, வா. உள்ள ஒரு பெரிய மனுஷி இருக்காங்க. முன்கூட்டி அனுமதி வாங்கினியா?" என்றான். பேருந்து பழுது பார்க்கும் பட்டறையில் வேலை அண்ணனுக்கு. நகக்கண்ணில் கிரீஸ் போகவே போகாது. "நேத்து எங்கிட்ட 'ஒட்டகச்சிவிங்கி நாக்கு என்ன நெறம்'னு கேட்டாடா. நான் என்னத்தக் கண்டேன், அது நாக்க நீட்டினா நான் ஓடத்தான் செய்வேன்."

அண்ணி சமையலறையில் நின்று கண்ணாடியைப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள். மூக்குக் கண்ணாடிக்குப் புதுச் சட்டம் போட்டிருந்தாள். "பழசுல வெளிச்சம் பட்டு மின்னுமாம், கண்ணே தெரியாதாம். ஜன்னல்ல என் பக்கத்துல உக்கார்றவ சொன்னா. அன்னிக்கு அவ என் வேலையையும் சேத்துப் பாக்கறேன்னுட்டா." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஜெயிக்கணும்னுகூட இல்லடா. ஒரு தடவையாவது எனக்குத் தெரிஞ்சத யாராவது நாலு பேருக்கு முன்னாடி எங்கிட்ட கேக்கணும். அவ்வளவுதான்."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். உண்மையைச் சொன்னால் போட்டியைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்த முடியாது, ஏழு மணியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஜன்னலில் வேலை பார்க்கும் எல்லாரிடமும், "என் கொழுந்தன் எட்டு மாசமா ஒரு நாள் விடாம பேசறான், பெத்த பிள்ளைகூடப் பேசாது அப்படி" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். டீயைக் குடித்துவிட்டு, கண்ணாடி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை தேர்வு மேசைக்குப் போனான். அங்கே இருந்தவளிடம், "பதினாலாம் எண் எங்க அண்ணி. விதியில அண்ணி இல்லதான். இருந்தாலும் நாளைக்குப் பேச்சு வரும் பாருங்க, எடுத்துடறது நல்லது" என்றான். அவள் கண்களை விரித்து, "இவ்வளவு நேர்மையா இருக்கீங்களே சார்" என்றாள். அந்தப் பாராட்டையும் வாங்கி வைத்துக்கொண்டான்.

கடிதம் மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தது. 'தங்கள் நெருங்கிய உறவினர் ஒருவர் இங்கு பணிபுரிவதால்' என்று ஆரம்பித்து, வருத்தம் தெரிவித்து முடிந்தது. அன்று இரண்டு முறை அண்ணியின் எண் அடித்து ஓய்ந்தது. மூன்றாம் முறை எடுத்தான்.

"அட்டவணை போடறவனுக்குக்கூடவாடா இந்தச் சட்டம்?"

"சட்டம்னா எல்லாருக்கும்தானே அண்ணி."

"அது சரி." கடிதத்தை மடிக்கும் சத்தம் கேட்டது. "நான் மனுப் போட்டதால உனக்கு அங்க ஒண்ணும் கெட்ட பேர் வரலியே?"

"அதெல்லாம் இல்ல அண்ணி."

"அப்ப சரி. விடு. உன் வேலைதான் முக்கியம். இனிமே நீ பழையபடி கூப்பிடலாம்."

அவன் பழையபடி கூப்பிடவில்லை. கேள்விகள் முடிந்து, கட்டுக் கட்டாக முத்திரை வைத்து இரும்பு அலமாரிக்குள் போய்விட்டன. கேட்பதற்கு ஒன்றுமில்லை, அவள் குரலைக் கேட்கக் கூச்சமாகவும் இருந்தது. மூன்று நாளைக்கு ஒரு தடவை என்று ஆரம்பித்து, வாரத்துக்கு ஒன்று என்று ஆகி, பிறகு அதுவும் தேய்ந்தது. அண்ணன் ஒருமுறை, "உனக்கு வேலை ஜாஸ்தியாம்ல, உங்க அண்ணி சொன்னா" என்றான். அப்படி அவன் யாரிடமும் சொல்லவில்லை. அவளாகவே அவனுக்காக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பதிவின் நான்காம் நாள் ஒரு சின்னக் கலவரம். போட்டிக்கு வந்த ஒருவன், விளக்கு போடுகிறவரின் அக்கா மகன் என்று தெரியவந்தது. மாமா ஒத்திகையில் கேள்விகளைக் கேட்டிருக்கலாம் அல்லவா? பையனை அனுப்பிவிடுவார்கள் என்றுதான் அவன் நினைத்தான். தலைவி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "எதுக்கு அனுப்பணும்? அந்தப் புள்ள என்ன தப்புப் பண்ணுச்சு? பதினஞ்சு புதுக் கேள்வி எழுதுங்க. நீங்க ரெண்டு பேர் உக்காந்தா மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுடும்" என்றாள்.

மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. அவன்தான் எட்டுக் கேள்வி எழுதினான். அண்ணிக்கு இல்லாமல் படி போட வேண்டியிருந்ததால் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விளக்குக்காரர் வாயைத் திறந்து உள்ளதைச் சொன்னார், அவ்வளவுதான் அவர் செய்தது. அவன் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றான். பதினைந்து கேள்வி. அரை நாள் வேலை. தலைவி இரண்டு வசவு வைத்திருப்பாள், வேலைகூடப் போயிருக்காது. அண்ணி அந்தக் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்திருப்பாள். இதை நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்தது, அழுதான். பதினாலாம் எண்ணுக்குப் பதிலாக வந்தவர் அதற்கு முந்தின நாளே விளையாடிவிட்டுப் போயிருந்தார்.

நிகழ்ச்சி ஒளிபரப்பாகத் தொடங்கிய அன்று அவன் தன் அறையில் தனியாக உட்கார்ந்து பார்த்தான். பார்த்தான் என்று சொல்வதைவிட, தொலைக்காட்சியையும் தொலைபேசியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று சொல்லலாம். அவள் பார்ப்பாள் என்பது அவனுக்கு எட்டு மாதமும் தெரியாத விஷயமா? அதையெல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளித் தள்ளி வைத்தவன்தான். பூனை கண்ணை மூடிக்கொண்டதால் உலகம் இருண்டுவிடவில்லை. முதல் ஆள் வந்து உட்கார்ந்தார். ஐந்தாவது கேள்வி, உலகத்திலேயே பெரிய பாலைவனம் எது.

நிகழ்ச்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து மணி அடித்தது.

"பாத்தேன் தம்பி" என்றாள் அண்ணி. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "எல்லாக் கேள்விக்கும் அவங்க நாலு விடையைக் காட்டறதுக்குள்ள சொல்லிட்டேன். உங்க அண்ணன் கையத் தட்டறாரு, 'நீ போயிருந்தா ஜெயிச்சிருப்பே'ன்னு. அவருக்கு ஒண்ணும் புரியல. ஏழாவது கேள்விக்கு அப்புறம் நான் பதில் சொல்றத நிறுத்திட்டேன்."

"அண்ணி, அந்தக் கடிதம்... நான்தான் போய்..."

"அதுவும் புரிஞ்சுது. அதுக்காகக் கூப்பிடல. போட்டி கிடக்கட்டும், அது போச்சு." அவள் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது. "எட்டு மாசம்டா. ஆறு மணிக்கு வேலை முடிஞ்சா, வழியில ஒருத்தர்கிட்டயும் நின்னு பேச மாட்டேன். ஏழுக்குள்ள வீட்டுல இருக்கணும், தம்பி கூப்பிடுவான். இன்னிக்கு எல்லாத்தையும் ஒண்ணு ஒண்ணா நெனச்சுப் பாத்தேன். நீயே சொல்லு. அதுல எனக்காகன்னு ஒரு நாள் கூப்பிட்டியா? ஒரே ஒரு நாள் சொல்லு போதும். நான் அத வச்சுக்கறேன்."

அவன் தேடினான். மனசாரத் தேடினான். எத்தனையோ சாயங்காலங்கள் வந்தன, எல்லாவற்றிலும் ஒரு தாளும் பென்சிலும் இருந்தன. கடைசியில் ஒன்று கிடைத்தது.

"உங்களுக்குக் கடுமையா ஜுரம் வந்துச்சே அண்ணி, மார்பெல்லாம் வலின்னு. அண்ணன் சொன்ன உடனே கூப்பிட்டேன். அன்னிக்கு உங்களுக்காகத்தான் கூப்பிட்டேன்."

மறுமுனையில் அண்ணன் தூரத்தில் யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

"அன்னிக்கு நாலு கேள்வி கேட்டே, தம்பி" என்றாள். "மூணு சொல்லிட்டேன். நாலாவது, உடம்புலயே ரொம்பச் சின்ன எலும்பு எங்க இருக்குன்னு கேட்ட. காதுலன்னு எனக்குத் தெரியும். சின்ன வயசுல உனக்கே நான்தான் சொல்லிக்குடுத்தேன். அன்னிக்கு என்னமோ வரவே இல்ல. ஜுரத்துல மண்டை ஓடலடா, கோச்சுக்காதேன்னு உங்கிட்ட சொன்னேன்."

அவன் தொலைக்காட்சியை அணைத்தான்.

"சாப்பிட்டுட்டுப் படு" என்று சொல்லிவிட்டு அண்ணி தொலைபேசியை வைத்தாள்.

அவனுக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. அவள் மன்னிப்புக் கேட்டது மட்டும் ஞாபகம் இல்லை. அந்தக் கேள்வியைப் பதினோராம் படியில் போட்டிருந்தான்.